நரையில்லாத தலையும் ஆற்றில் போகும் புணையும்: புறநானூறு 191, 192 பற்றி ஒரு கேள்வி

எழுத்தாணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகளும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் புறநானூற்றிலிருந்து ஒன்றிரண்டு பாடல்களை உரையோடு படித்து வருகிறோம். தேர்வை மனத்தில் வைத்துப் படிக்கவில்லை. நல்ல வாழ்க்கை என்று நம் முன்னோர் எதைக் கருதினார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் காரணம். சென்ற வாரம் 191ஆம் பாடலை முடித்துவிட்டு 192ஆம் பாடலைத் தொடங்கியபோது அவள் ஒரு கேள்வி கேட்டாள். ஒரு வாரம் யோசித்தும் விடை கிடைக்காததால் அதை உங்கள் முன் வைக்கிறேன்.

191 பிசிராந்தையார் பாடியது, ஏழே அடிகள்.

யாண்டு பலவாக நரையில ஆகுதல்
யாங்கா கியர்என வினவுதிர் ஆயின்
மாண்டஎன் மனைவியொடு மக்களும் நிரம்பினர்;
யான்கண் டனையர்என் இளையரும், வேந்தனும்
அல்லவை செய்யான் காக்கும், அதன்தலை
ஆன்றவிந் தடங்கிய கொள்கைச்
சான்றோர் பலர்யான் வாழும் ஊரே.

இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்கிறீர்களானால் சொல்கிறேன்: மாட்சிமை உடைய என் மனைவியோடு மக்களும் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் நான் நினைப்பதையே தாமும் நினைப்பவர்கள், வேந்தன் முறையல்லாததைச் செய்யாமல் காக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலாக, நிறைந்து, பணிந்து, அடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர் வாழும் ஊர் என் ஊர். இவ்வளவுதான் அவர் சொல்லும் காரணம்.

192 கணியன் பூங்குன்றனார் பாடியது. அதன் முதலடி தெரியாத தமிழர் இல்லை. இரண்டாம் அடி 'தீதும் நன்றும் பிறர்தர வாரா'.

அவள் கேட்டது இதுதான்: "சித்தப்பா, பிசிராந்தையாருக்கு நல்லதெல்லாம் பிறர் தந்துதானே வந்திருக்கிறது? மனைவி, மக்கள், இளையர், வேந்தன், ஊர்ச் சான்றோர் என்று அவர் சொல்பவர்களில் ஒருவர் தவறியிருந்தாலும் அவர் தலை நரைத்திருக்குமே. அடுத்த பக்கத்திலேயே இன்னொருவர், நன்மை பிறர் தந்து வராது என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்டு வாழ்வது?"

ஒன்று இல்லறத்தாரின் பார்வை, மற்றொன்று துறவியின் பார்வை என்று சொல்லிப் பார்த்தேன். "யாவரும் உறவினர் என்று சொல்பவர் எப்படித் துறவி ஆவார்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டாள். நானும் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கற்றவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

உரைவழி எழுதியது:

அன்புள்ள எழுத்தாணி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்தவன் நான். இந்த இரண்டு பாடல்களையும் தனித்தனியே எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைத்து இப்படி எந்த மாணவரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. உங்கள் அண்ணன் மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

191 எங்கே, எப்போது சொல்லப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன். உறையூர்ச் சோழனாகிய கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிரில் வாழ்ந்த ஆந்தையாரும் ஒருவரையொருவர் கண்ணால் காணாமலே பல ஆண்டுகள் நட்புப் பூண்டிருந்தவர்கள். 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' என்னும் குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் எடுத்துக்காட்டுவது இந்த இருவரைத்தான். சோழனுக்கும் அவன் மக்களுக்கும் பகை மூண்டது. அவர்கள்மேல் அவன் போருக்கு எழுந்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் குறுக்கே நின்று, உன் பிள்ளைகள் தோற்றுப்போனால் உன் பெருஞ்செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய் என்று கேட்டார். போரைக் கைவிட்ட சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விடத் துணிந்தான். அவனிடத்துக்கு ஆந்தையார் சென்றபோது, அங்கிருந்த சான்றோர், உம்மைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டு வரும் ஆண்டுகளோ பல, உமக்கு நரை மட்டும் இல்லையே என்று கேட்டதற்கு அவர் சொன்ன மறுமொழியே இந்தப் பாடல் என்று அதன் பழங்குறிப்பு சொல்கிறது.

தான் பெற்ற மக்களால் மனம் ஒடிந்த ஒருவன் சாவை எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் இடத்தில் நின்றுகொண்டு 'மக்களும் நிரம்பினர்' என்று ஒருவர் சொல்கிறார். இளமையில் இது எனக்குச் சற்று இரக்கமற்ற சொல்லாகவே பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு வீடு எப்படி உடைந்துபோகும் என்பதைக் கண்ணெதிரே காண்பவருக்குத்தான் தம் வீடு உடையாமல் நிற்பது எத்தனை பேருடைய செயல் என்று எண்ணிச் சொல்லத் தோன்றும். தம் நலத்துக்குக் காரணமாக அவர் தம்முடைய பெருமை எதையும் சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். அவருடைய புலமை அதில் இல்லை, தவமும் இல்லை, உணவுக் கட்டுப்பாடும் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'வேந்தனும் அல்லவை செய்யான் காக்கும்' என்ற தொடரைப் படித்த கையோடு 184ஆம் பாடலைத் திருப்புங்கள். அதுவும் ஆந்தையார் பாடியதுதான். தம் நாட்டு மன்னனாகிய பாண்டியன் அறிவுடை நம்பிக்கு நேராகச் சொன்னது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்தின் விளைச்சல்கூட யானைக்குப் பல நாளுக்கு ஆகும். நூறு செய் நிலமாயினும் யானை தானே தனியாகப் புகுந்து தின்றால் அதன் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே மிகுதி. அரசன் முறையறிந்து வரி கொண்டால் நாடும் செழிக்கும், அவனுக்கும் கோடி கோடியாய்க் கிடைக்கும். தரம் அறியாத ஆரவாரச் சுற்றத்தோடு சேர்ந்து குடிகளின் அன்பு கெட வரி கேட்டால், யானை புகுந்த வயல்போல 'தானும் உண்ணான், உலகமும் கெடுமே'.

ஆளும் மன்னனின் முகத்துக்கு எதிரே இதைச் சொன்னவர்தான் பின்னொரு நாளில் 'வேந்தனும் அல்லவை செய்யான்' என்று சொல்கிறார். நல்ல அரசன் அவருக்குத் தற்செயலாக வாய்த்தான் என்று நான் நினைக்கவில்லை. கேட்கும் காது அரசனுக்கு இருந்தது. சொல்லும் துணிவு இவருக்கு இருந்தது. (நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தையைப் பாடிய 188ஆம் பாடல் இந்த அறிவுடை நம்பியுடையதே என்பதையும் அண்ணன் மகளிடம் சொல்லுங்கள், அப்பாடல் அவளுக்குப் பிடிக்கும்.) 'யான் கண்டனையர் என் இளையரும்' என்பதும் இப்படித்தான். ஏவல் செய்பவர்கள் ஒருவர் மனத்தில் நினைப்பதையே தாமும் நினைக்கிறார்கள் என்றால், அவர்களை அவர் எப்படி நடத்தியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பிறர் தந்த நன்மை என்று அவள் எண்ணியதில் அவர் கையும் கலந்திருக்கிறது.

இரவுப்பணி எழுதியது:

உரைவழி ஐயா, உங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். 184ஐயும் 191ஐயும் இணைத்தது என் கண்ணைத் திறந்தது. ஆனாலும் என் மனம் முழுவதும் ஒப்பவில்லை என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன்.

நான் செவிலியாகப் பணிபுரிகிறேன். பெரும்பாலும் இரவுப் பணி. முப்பத்தைந்து வயதுக்குள் தலை முழுவதும் நரைத்துப்போன பெண்களை வாரந்தோறும் பார்க்கிறேன். மனநலம் குன்றிய தாயைப் பத்தாண்டுகளாகத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மகள், குடிக்கும் கணவனை நான்காம் முறையாகச் சேர்க்கக் கொண்டுவரும் மனைவி என்று எத்தனையோ பேர். அவர்களிடம் போய், உங்கள் வீடும் ஊரும் அரசும் நன்றாக இருப்பதில் உங்கள் கையும் உண்டு என்று சொன்னால், அது ஆறுதலாக இருக்காது. பழி சுமத்துவதாகத்தான் இருக்கும். அவர்கள் செய்யாமல் விட்டது ஒன்றும் இல்லை. அவர்களுக்குத் தீது பிறர் தந்துதான் வந்தது. அப்படியானால் 191 கொடுத்துவைத்தவர்களின் பாட்டு, 192 அடிபட்டவர்களின் காதில் ஏறாத பாட்டு என்றாகிவிடாதா?

எனக்கு இவற்றைவிட நெருக்கமானது 194. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு ததும்புகிறது, ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தியின் கண்ணிலிருந்து நீர் வழிகிறது, இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று நேராகவே சொல்லிவிடுகிறார். பிறகு 'இன்னாது அம்ம இவ்வுலகம். இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே' என்று முடிக்கிறார்.

எங்கள் மருத்துவமனையில் முதல் மாடியில் மகப்பேற்றுப் பிரிவு, இரண்டாம் மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவு. இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு. ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு, பெண் குழந்தை பிறந்த இளைஞர் ஒருவர் மகிழ்ச்சி தாங்காமல் படியில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்துக்கொண்டே வந்தார். மேல்மாடியில் கணவர் கிடக்க, ஆறு நாட்களாக அந்தப் படியிலேயே இருந்த அம்மாள் ஒருவருக்கும் நீட்டினார். அவர் யார், எதற்காக அங்கே இருக்கிறார் என்று அந்த இளைஞருக்குத் தெரியாது. அந்த அம்மாள் கற்கண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "புள்ள நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டார். 'இனிய காண்க' என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சீறூர் உழவன் எழுதியது:

இரவுப்பணி அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதையும் செய்யத் தோன்றவில்லை. நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். ஆனால் 192க்கும் 194க்கும் நடுவே நிற்கும் 193ஐ யாரும் பேசாமல் விடுவது சரியில்லை என்பதால் எழுதுகிறேன்.

அது நான்கே அடி. பாடியவரின் இயற்பெயர்கூடத் தெரியவில்லை; குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் அவர் சொன்ன 'ஓரேர் உழவன்' என்ற உவமையாலேயே ஓரேருழவர் என்று அழைக்கப்படுகிறார். தோலை உரித்து விரித்ததுபோல் நீண்டு கிடக்கும் வெள்ளைக் களர் நிலத்தில் ஒருவன் துரத்தும் மானைப்போல ஓடிப் பிழைத்துவிடவும் கூடும். ஆனால் சுற்றத்தோடு கூடிய வாழ்க்கை காலைத் தளையிடுகிறதே என்கிறார்: 'ஓடி உய்தலும் கூடுமன், ஒக்கல் வாழ்க்கை தட்குமா காலே'.

எங்கள் நிலத்தில் ஒரு பகுதி களர். மழை பெய்து காய்ந்த பிறகு உப்புப் பூத்து வெளேரென்று கிடக்கும். காலை வைத்தால் மேல்தோல் அப்பளம்போல் நொறுங்கும். அடியில் மண் சாம்பலாய்ப் பொதுபொதுக்கும். புல் இல்லை, புதர் இல்லை, ஒளிய ஒரு மறைவு இல்லை. அங்கே துரத்தப்படும் மானுக்கு ஓட்டம் ஒன்றுதான் வழி. அந்த நிலத்தைப் பார்த்துப் பழகியவர்தான் இந்த உவமையைச் சொல்லியிருக்க முடியும்; தோல் என்று அவர் சொன்னது அவ்வளவு பொருத்தம்.

1993இல் வெளிநாட்டு வேலைக்குப் போக எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. இரண்டு தங்கைகளுக்குத் திருமணம் ஆகவில்லை, அப்பாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. நான் போகவில்லை. அதற்காக வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன். 'கூடுமன்' என்பதில் வரும் அந்த 'மன்' கழிந்துபோனதை நினைத்து இரங்குவது என்று என் தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்தார். அந்த ஓர் அசையில் என் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சுற்றத்தை அறுத்துக்கொண்டு ஓடியிருந்தால் நான் உய்ந்திருப்பேனா என்று கேட்டால், அதற்கும் ஆம் என்று சொல்ல மாட்டேன்.

ஆற்றுப்படுகை எழுதியது:

எல்லாரும் 192இன் முதலிரண்டு அடிகளிலேயே நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது. அப்பாடலின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. மின்னலோடு வானம் குளிர்ந்த துளியைப் பெய்ய, ஓயாமல் கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றில், நீர் போகும் வழியில் போகும் புணைபோல (தெப்பம்போல), அருமையான உயிர் முறையின் வழியே போகும் என்பதைத் திறம் உடையோர் காட்டிய அறிவால் தெளிந்தோம் என்கிறார் கவிஞர். இதை, எல்லாம் முன்பே வகுத்த முறைப்படிதான் நடக்கும் என்னும் ஆசீவக சமயத்தின் நியதிக் கொள்கையோடு சேர்த்துப் படிப்பவர்கள் உண்டு. மணிமேகலையில் சமயவாதிகள் தத்தம் கொள்கைகளைச் சொல்லும் காதையில் ஆசீவகவாதியும் வருவதால், அக்கொள்கை தமிழகத்தில் பேசப்பட்டது என்பதில் ஐயமில்லை. அப்படிப் படித்தால் நன்மையும் தீமையும் நம்மாலும் வருவதில்லை, பிறராலும் வருவதில்லை. முறையால் வருகின்றன என்றாகும். பிசிராந்தையாரின் கையும் அவ்வளவுதான், செவிலி அம்மா பார்க்கும் பெண்களின் கையும் அவ்வளவுதான்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருக்கிறேன். பரிசல்காரர் ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போடவே இல்லை. ஓட்டத்திலேயே விட்டுவிட்டு, பாறை நெருங்கும்போது மட்டும் துடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினார். பரிசல் சுழன்று விலகிப் போயிற்று. ஆற்றின் திசை அவர் கையில் இல்லை. பாறையில் மோதாமல் இருப்பது அவர் கையில் இருந்தது. 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்று வள்ளுவர் சொன்னதையும், 'ஊழிற் பெருவலி யாவுள' என்று அவரே சொன்னதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள எனக்கு அந்தத் துடுப்பு உதவியது. கணியன் பூங்குன்றனார் சொன்னதும் இதுதான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

உரைவழி எழுதியது:

அழகான காட்சி, ஆற்றுப்படுகை. ஆனால் அந்தத் துடுப்பை இந்தப் பாடலுக்குள் கொண்டுவர நான் உடன்பட மாட்டேன். பதின்மூன்று அடிகளில் எங்கும் துடுப்பு இல்லை, புணையின்மேல் ஆளும் இல்லை. நமக்கு வேண்டியது பாடலில் இல்லாதபோது அதை உள்ளே வைத்துவிட்டு, கவிஞர் சொன்னார் என்று நாமே மகிழ்வது பழம்பாடல்களுக்கு நாம் இழைக்கும் பெரிய தீங்கு. இந்தப் பாடலின் முதலடியை மட்டும் தனியே பிடுங்கிச் சுவரெங்கும் எழுதி வைத்திருக்கிறோம். மீதி பன்னிரண்டு அடிகளைப் படித்தவர்கள் மிகக் குறைவு. 1894இல் உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் புறநானூற்றை முதன்முதலில் அச்சேற்றியபோது நமக்குக் கொடுத்தது முழுப் பாடலை.

புணை எதற்காக வந்தது என்பதைப் பாடலே சொல்கிறது. 'தெளிந்தனம் ஆகலின்' என்ற தொடரைக் கவனியுங்கள். தெளிந்தோம், ஆகையால், என்று ஒரு காரணமாக அது நிற்கிறது. எதற்குக் காரணம்? முயல வேண்டாம் என்பதற்கா? அடங்கிக் கிட என்பதற்கா? இல்லையே. 'மாட்சியின் பெரியோரை வியத்தலும் இலமே. சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்பதற்குத்தான் அது காரணம். ஆறும் மின்னலும் மழையும் கல்லும் புணையும் சேர்ந்து நம்மைக் கொண்டுபோய் விடுவது இன்னொரு மனிதரை எப்படிப் பார்ப்பது என்ற இடத்தில். உயர்ந்த இடத்தில் இருப்பவரை ஆறு அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. கல்லில் மோதிக் கிடப்பவரையும் அதே ஆறுதான் மோத வைத்தது. ஆகவே அவரை வியக்காதே. இவரை இகழ்வதை அதைவிடவும் செய்யாதே. 'அதனினும்' என்ற சொல்லில் கவிஞரின் முழு எடையும் இருக்கிறது. வியப்பதையும் இகழ்வதையும் அவர் ஒரே தட்டில் வைக்கவில்லை.

இப்போது இரவுப்பணி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அம்மா, உங்களைத் திருத்த வந்தவன் போல் நான் பேசியிருந்தால் மன்னியுங்கள். 191ஐ எடுத்துக்கொண்டு ஒருவர் வீட்டைப் பார்த்து, உன் தலை நரைத்ததற்கு நீதான் காரணம் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவரைத் தடுப்பதற்கென்றே 192இன் கடைசி அடி இருப்பதுபோல் இப்போது எனக்குத் தோன்றுகிறது. தம்மைப் பற்றிச் சொல்லும்போது ஆந்தையார் பிறருக்கு நன்றி சொல்கிறார். பிறரைப் பற்றிச் சொல்லும்போது பூங்குன்றனார் அவர்களைப் பழிக்காமல் இருக்கிறார். இவை இரண்டும் முரணானவை என்று இனி என்னால் சொல்ல முடியாது. ஆனால் 'பிறர்தர வாரா' என்ற தொடர் இன்னும் முள்ளாகவே நிற்கிறது. பழைய உரை அதற்குக் கேடும் ஆக்கமும் தாமாக வந்தாலன்றிப் பிறர் தர வாரா என்ற அளவில் பொருள் சொல்கிறது. நம் வினையால் வரும் என்று இன்று மேடையில் சொல்கிறோமே, அது அந்த உரையில் வெளிப்படையாக இல்லை.

எழுத்தாணி எழுதியது:

உங்கள் எல்லாருடைய பதிவுகளையும் நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. படிக்கட்டில் கற்கண்டு வாங்கிய அம்மாளின் கணவர் பிழைத்தாரா என்றுதான் முதலில் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

பிறகு 192ஐ மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "முதலடியில் யாவரும் கேளிர் என்று சொல்லிவிட்டாரே சித்தப்பா. எல்லாரும் உறவு என்றால் அப்புறம் பிறர் என்று யார் இருக்கிறார்கள்? பிசிராந்தையாருக்கு அவர் மனைவியும் ஊர்ச் சான்றோரும் பிறரா?" இலக்கணப்படி இது நிற்குமா என்று எனக்குத் தெரியவில்லை, உரைவழி ஐயாதான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்டபோது மேனி சிலிர்த்தது.

அவளுக்காகத் தேடியபோது, கணியன் பூங்குன்றனாரின் மற்றொரு பாடலும் கிடைத்தது. நற்றிணை 226. பொருள் தேடப் போன தலைவனை நினைத்துத் தலைவி பேசுகிறாள். மரம் செத்துப்போகும் அளவுக்கு அதிலிருந்து மருந்து கொள்ள மாட்டார்கள் மாந்தர். உரம் செத்துப்போகும் அளவுக்குத் தவம் செய்ய மாட்டார்கள். குடிகளின் வளம் கெடும் அளவுக்குப் பொன் கொள்ள மாட்டார்கள் மன்னர். இவ்வளவும் சொல்லிவிட்டு, 'நாம் தம் உண்மையின் உளமே' என்கிறாள். அவர் இருப்பதால்தான் நாம் இருக்கிறோம் என்று பொருள். நன்மையும் தீமையும் பிறர் தந்து வாரா என்று பாடிய அதே புலவர், ஒருத்தியின் உயிர் இன்னொருவர் இருப்பதில் தங்கியிருக்கிறது என்றும் பாடியிருக்கிறார்.

சீறூர் உழவன் எழுதியது:

மரம் சாகாமல் மருந்து எடுப்பது பற்றி ஒரு சொல் மட்டும். என் அப்பத்தா மருதம்பட்டை எடுக்கப் போனால் கிழக்குப் பார்த்த பக்கத்தில் ஒரு சாண் அளவுக்குத்தான் செதுக்குவார். மரத்தைச் சுற்றி வளைத்து உரித்தால் மரம் பட்டுவிடும் என்று எங்களைக் கிட்டவே விடமாட்டார். அடுத்த ஆண்டு வேறு பக்கம். செதுக்கிய இடத்தில் ஒரு கை சாணத்தை எடுத்து அப்பிவிட்டுத்தான் வருவார். அவருக்கு நற்றிணை தெரியாது. வரி வாங்கும் அரசனுக்கு ஆந்தையார் சொன்ன யானைக் கதையும் இந்த மரமும் ஒன்றையேதான் சொல்கின்றன என்று எனக்குப் படுகிறது. நமக்கு நன்மை தருபவரிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்வது என்ற அளவு தெரிய வேண்டும். என் தங்கைகள் என்னிடம் அந்த அளவோடுதான் நடந்துகொண்டார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் பதிவில் அதை நான் சொல்லாமல் விட்டது தவறு.

உரைவழி எழுதியது:

பெண்ணே, உரையில் உன் கருத்துக்கு நேரான ஆதரவு இல்லை. பாடலில் தடையும் இல்லை. கேளிர் என்ற சொல்லும் பிறர் என்ற சொல்லும் அடுத்தடுத்த அடிகளில் வருவதை இத்தனை ஆண்டுகள் நான் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். இதை என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

உன் சித்தப்பாவோடு அடுத்து 215 முதல் 218 வரை படி. தென்னாட்டில் வரகுச் சோற்றோடு வேளைப் பூவை வெண்தயிரில் இட்டு ஆய்மகள் சமைத்த புளிக்கூழை அவரை கொய்பவர்கள் வயிறார உண்ணும் ஊரில் என் உயிரைக் காப்பவன் இருக்கிறான், நான் செல்வமாக இருந்த காலத்தில் வராமல் நின்றுவிட்டாலும் துன்பக் காலத்தில் நிற்க மாட்டான் என்று சோழன் சொல்லும் பாடல் 215. அவனுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்று அவன் சொல்வது 216. ஆந்தையார் தவறாமல் வந்ததைக் கண்ட பொத்தியார், 'வியத்தொறும் வியத்தொறும் வியப்பிறந்தன்றே' என்று 217இல் திகைத்து நிற்கிறார். பெரியோரை வியக்க மாட்டோம் என்று பூங்குன்றனார் சொன்னதற்கு நேர் எதிரான அடி அது. அதற்கு நீ என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

உங்கள் அண்ணன் மகளிடம் சொல்லுங்கள்: அந்த அம்மாளின் கணவர் எட்டாம் நாள் சாதாரண வார்டுக்கு மாற்றப்பட்டார். அதற்குப் பிறகு எனக்குப் பணி மாறிவிட்டது.

இன்று அதிகாலை வீட்டுக்கு வந்ததும் 191ஐ மறுபடியும் படித்தேன். என் மறுப்பில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆந்தையார் சொன்ன பட்டியலில் அவருடைய நண்பன் இல்லை. யாருக்காக அவ்வளவு தூரம் வந்தாரோ அந்தச் சோழனைப் பற்றி அந்த ஏழு அடிகளில் ஒரு சொல்லும் கிடையாது. மனைவி, மக்கள், இளையர், வேந்தன், சான்றோர் என்று அவர் எண்ணிச் சொன்ன அத்தனை பேரையும் பிசிரிலேயே விட்டுவிட்டு வந்து, திரும்பிப் போகும் எண்ணமே இல்லாமல் நின்றுகொண்டுதான், 'யான் வாழும் ஊரே' என்று சொல்கிறார். வாழ்ந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை.